அக்குபங்சர்: பதிவு எண்ணும் காப்பீடும் – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: இரண்டாண்டு அக்குபங்சர் (உடலின் குறிப்பிட்ட புள்ளிகளில் ஊசி குத்தும் சிகிச்சை) டிப்ளமோ முடித்து, குடியாத்தத்தில் சிறிய சிகிச்சை மையம் நடத்தி வருகிறேன். கழுத்து வலி, இடுப்பு வலியோடு வரும் பீடி சுற்றும் பெண்களே என்னிடம் அதிகம். சிகிச்சையால் யாருக்காவது பாதிப்பு ஏற்பட்டு வழக்கு வந்தால் ஈடு செய்வதற்காகக் காப்பீடு எடுக்க விரும்பினேன். விண்ணப்பத்தில் ‘மருத்துவக் கவுன்சில் பதிவு எண்’ என்று கேட்டிருக்கும் இடத்தில் டிப்ளமோ சான்றிதழ் எண்ணை எழுதினால் போதும் என்கிறார் ஏஜென்ட். எழுதலாமா?
– வாசகி, குடியாத்தம்

பதில்: எழுதாதீர்கள். சான்றிதழ் எண் வேறு, பதிவு எண் வேறு. உண்மைக்கு மாறான விவரத்தின் மேல் பெற்ற பாலிசியைக் காப்பீட்டு நிறுவனம் பிறகு செல்லாது என்று மறுக்க முடியும். அதுவும் நீங்கள் நஷ்டஈடு கேட்டு நிற்கும் நேரத்தில்தான் மறுப்பார்கள். பிரீமியம் கட்டிய ஆண்டுகள் அத்தனையும் வீணாகும்.

சட்டநிலையைச் சொல்கிறேன். மத்திய சுகாதார அமைச்சகம் 2003 நவம்பர் 25 அன்று பிறப்பித்த ஆணை, அக்குபங்சரை ஒரு சிகிச்சை முறையாக ஏற்று, பதிவு பெற்ற மருத்துவர்களோ உரிய பயிற்சி பெற்றவர்களோ அதைச் செய்யலாம் என்றது. 2019 பிப்ரவரியில் மத்திய அரசின் சுகாதார ஆராய்ச்சித் துறை அதைத் தனித்த சிகிச்சை முறையாக அங்கீகரித்தது. ஆனால் முறைக்குக் கிடைக்கும் அங்கீகாரம், அதைச் செய்பவரின் பெயர் ஒரு சட்டப்படியான பதிவேட்டில் ஏறுவதற்கு ஈடாகாது. மேற்கு வங்கம் 1996-இலேயே இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. மகாராஷ்டிரத்திலும் சட்டமும் கவுன்சிலும் உள்ளன. தமிழ்நாட்டில் அத்தகைய தனிச் சட்டம் இயற்றப்படவில்லை. பி.என்.ஒய்.எஸ். என்னும் இயற்கை மருத்துவ, யோகா பட்டம் பெற்றவர்களுக்கு அக்குபங்சர் பாடத்திட்டத்திலேயே உண்டு. அவர்கள் இயற்கை மருத்துவராகப் பதிவு பெற்று இதையும் செய்கிறார்கள். டிப்ளமோ மட்டும் வைத்திருப்பவருக்கு அந்த வழி இல்லை. ஒழுங்காகப் படித்து, ஒழுங்காகத் தொழில் செய்பவர்களையும் வார இறுதி வகுப்பில் சான்றிதழ் வாங்கியவர்களையும் பிரித்துக் காட்ட மாநிலத்தில் ஒரு பதிவேடு இல்லாதது பெரிய குறை. மருத்துவப் பட்டம் இல்லாத அக்குபங்சர் சிகிச்சையாளருக்கு 2,500 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 1999-இலேயே வழிகாட்டியிருக்கும்போது, இங்கும் அப்படியோர் அளவுகோலை வைத்துச் சட்டம் கொண்டுவர வேண்டும் என்று இந்தப் பகுதியின் வழியாக அரசைக் கேட்டுக்கொள்கிறேன்.

இனி நீங்கள் செய்யக்கூடியது. உங்கள் தகுதியை உள்ளபடியே எழுதி, “பதிவு எண் கிடையாது” என்று குறிப்பிட்டு, தொழிலில் நேரும் தவறுக்கு ஈடு தரும் ‘புரொஃபஷனல் இண்டெம்னிட்டி’ பாலிசி தர முடியுமா என்று நிறுவனத்திடமே எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் மறுக்கட்டும், ஏற்றால் அந்தக் கடிதம் உங்களுக்குப் பெரிய பாதுகாப்பு. இவ்வகைப் பாலிசிகளில் பொதுவாக, சம்பவம் நடந்த தேதியை மட்டும் பார்க்காமல் கோரிக்கை வந்த தேதியில் பாலிசி நடப்பில் இருந்ததா என்றும் பார்ப்பார்கள். ஆகவே இடையில் ஓர் ஆண்டு புதுப்பிக்காமல் விட்டாலும் பழைய சிகிச்சைகளுக்கான பாதுகாப்பை இழக்க நேரிடும். மையத்தின் படிக்கட்டில் ஒருவர் வழுக்கி விழுந்தால் ஈடு தரும் ‘பப்ளிக் லயபிலிட்டி’ பாலிசியைக் காட்டி, ஊசியால் வரும் பாதிப்புக்கும் இதுவே போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பெயர்ப்பலகையில் ‘டாக்டர்’ என்று இருந்தால் இன்றே அழித்துவிடுங்கள். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆவது பிரிவின்படி, கவனக்குறைவால் மரணம் நேர்ந்தால், தேசிய அல்லது மாநில மருத்துவப் பதிவேட்டில் பெயர் உள்ளவருக்குச் சிகிச்சையின்போது நேர்ந்த தவறுக்கு அதிகபட்சத் தண்டனை 2 ஆண்டு. உங்களைப் போன்ற மற்றவர்களுக்கு 5 ஆண்டு. தோள்பட்டையிலும் முதுகின் மேற்பகுதியிலும் ஊசி ஆழமாக இறங்கினால் நுரையீரலைத் துளைத்து, அதைச் சுற்றிக் காற்று தேங்கும் ஆபத்து உண்டு. கழுத்து வலிக்கு வரும் பெண்களுக்கு நீங்கள் ஊசி போடுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். எனவே ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, கர்ப்பமாக இருக்கிறாரா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேட்டு எழுதி, எந்தெந்தப் புள்ளியில் எத்தனை ஊசி போட்டீர்கள், எத்தனை எடுத்தீர்கள் என்று எண்ணிக் குறித்து, தமிழில் எழுதிய ஒப்புதலில் கையெழுத்து வாங்குங்கள். பயன்படுத்திய ஊசிகள் 2016-ஆம் ஆண்டு உயிரி மருத்துவக் கழிவு விதிகளின்படி, துளைபடாத வெள்ளைப் பெட்டிக்குள்தான் போக வேண்டும்.

கேள்வி: என் தந்தையாரின் மூட்டுவலிக்கு அக்குபங்சர் சிகிச்சை எடுத்தோம். ஆயுஷ் சிகிச்சைக்கு முழுத் தொகையும் உண்டு என்று சொல்லித்தான் பாலிசி விற்றார்கள். இப்போது கிளெய்மை நிராகரித்துவிட்டார்கள். ரசீதில் ‘தெரபி சார்ஜ்’ என்று மட்டுமே உள்ளது. என்ன செய்வது?
– வாசகர், ஆற்காடு

பதில்: ஆயுர்வேதம், யோகா, இயற்கை மருத்துவம், யுனானி, சித்தா, ஹோமியோபதி ஆகியவையே ஆயுஷ் என்பதில் அடங்கும், அக்குபங்சர் அந்தப் பெயர்களில் இல்லை. 2024 ஏப்ரல் 1 முதல் ஆயுஷ் சிகிச்சைக்குத் தனி உச்சவரம்பு வைக்கக்கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் சொன்னது உண்மைதான். ஆனால் அதுவும் பொதுவாக, மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கே பொருந்தும். உங்கள் தந்தையார் வந்துபோகும் நோயாளியாகச் சிகிச்சை பெற்றிருந்தால், பாலிசியில் ஓ.பி. பிரிவு தனியாக இல்லாதவரை பணம் கிடைப்பது கடினம். குறைந்தது ஐந்து படுக்கைகள் கொண்ட, எந்நேரமும் தகுதியுள்ள ஆயுஷ் மருத்துவரின் பொறுப்பில் இயங்கும் மருத்துவமனையில் சேர்ந்து, இயற்கை மருத்துவச் சிகிச்சையின் ஒரு பகுதியாக அக்குபங்சரும் பெற்றிருந்தால் வாதாட இடம் உண்டு. அப்போது மருத்துவரின் பதிவு எண்ணோடு கூடிய டிஸ்சார்ஜ் சம்மரியும் விவரமான பில்லும் கேட்டு வாங்குங்கள்.

முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்துக்குள் பதில் இல்லையென்றாலோ, வந்த பதில் திருப்தியாக இல்லையென்றாலோ, ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம். கட்டணமும் இல்லை, வக்கீலும் தேவையில்லை. ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் அனுப்பிய வாக்குறுதி ஏதேனும் இருந்தால் அதையும் அச்செடுத்து இணையுங்கள்.

கேள்வி: மேற்கு வங்கத்தில் பதிவு பெற்ற அக்குபங்சர் சிகிச்சையாளர் ஒருவர், வேலூருக்கு வைத்தியத்துக்காக வந்து லாட்ஜில் தங்கும் தம் ஊர்க்காரர்களுக்கு இங்கேயே சிகிச்சை தர என் கட்டடத்தை வாடகைக்குக் கேட்கிறார். அவருடைய பதிவு இங்கே செல்லுமா?
– வாசகர், காட்பாடி

பதில்: ஒரு மாநிலச் சட்டம் அந்த மாநிலத்துக்குள்தான் செல்லும். அந்தப் பதிவு அவருடைய பயிற்சிக்கு நல்ல சான்று; தமிழ்நாட்டில் அதுவே உரிமமாகாது. மருத்துவ நிறுவனப் பதிவு பற்றி மாவட்ட மருத்துவ நலப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் அந்தச் சிகிச்சையாளரையே எழுத்தில் கேட்டு வரச் சொல்லுங்கள். அந்தப் பதிலைப் பார்த்த பிறகு வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுங்கள்.