என்ஜினைத் திறக்குமுன் ஒரு கையெழுத்து

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். பிப்ரவரியில் ஈப்போவில் ஒரு பழைய கார் வியாபாரியிடம் பத்து வயதான உள்நாட்டுக் கார் வாங்கினேன். என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஓராண்டு வாரண்டி என்று வேறொரு கம்பெனியின் புத்தகத்தைக் கொடுத்தார். இரண்டாவது மாதத்திலிருந்தே கூலண்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) குறைந்துகொண்டே வந்தது. இரண்டு முறை ஊற்றினோம். போன வாரம் வழியில் வெப்பமுள் ஏறி, பின்னால் வெள்ளைப் புகை. உடனே நிறுத்தி, இழுவை வண்டியில் ஊருக்குக் கொண்டு வந்தேன். ஹெட் கேஸ்கெட் (என்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) போய்விட்டது, 2,400 வெள்ளி (ரிங்கிட்) ஆகும், நாளை திறக்கிறேன் என்கிறார் எங்கள் ஊர்ப் பட்டறை போர்மன். வாரண்டி கம்பெனியோ, ஈப்போவில் உள்ள தங்கள் பட்டறைக்குக் கொண்டு போய், என் செலவில் திறந்து காட்டினால்தான் முடிவு சொல்வார்களாம். விற்றவர், 'கம்பெனியைக் கேளுங்கள்' என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: டீச்சர், முதலில் போர்மனுக்கு போன் போட்டு, நாளைக்குத் திறக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

அவர் கெட்டிக்காரராகவே இருக்கட்டும். ஆனால் இந்த மாதிரி வாரண்டிப் புத்தகங்களில் பெரும்பாலும் ஒரு வரி இருக்கும்: கம்பெனியின் முன் அனுமதி இல்லாமல் எந்தப் பாகத்தையும் கழற்றக் கூடாது. நான் பட்டறை வைத்திருந்த காலத்தில் இதில் மாட்டிக்கொண்டவன். வாடிக்கையாளருக்கு அவசரம், எனக்கும் அவசரம். ஹெட்டைக் கழற்றி மேசையில் வைத்து, பழைய கேஸ்கெட்டை ஆணியில் மாட்டியிருந்தேன். மூன்று நாள் கழித்துக் கம்பெனி ஆள் வந்தார். கேஸ்கெட்டைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. 'அனுமதிக்கு முன் திறக்கப்பட்டது' என்று எழுதிவிட்டுக் கிளம்பிவிட்டார். பாதிக் கூலியை நான்தான் விட்டுக்கொடுத்தேன்.

திறக்காமலே தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. ஆறிய என்ஜினில் குளிரூட்டும் அமைப்புக்குள் காற்றழுத்தம் ஏற்றி, எங்கே ஒழுகுகிறது என்று பார்க்கலாம். ஒவ்வொரு சிலிண்டரின் கம்ப்ரெஷனையும் அளக்கலாம். ரேடியேட்டர் வாயில் ஒரு குழாயை வைத்து, அந்தக் குழாயில் நீல நிறத் திரவம் ஊற்றிப் பார்க்கும் சோதனை ஒன்றும் உண்டு. எரிந்த வாயு கூலண்டில் கலந்திருந்தால் நீலம் மஞ்சளாக மாறும். ஆனால் என்ஜின் சூடாகும் வரை ஓட்டிப் பார்க்கும் சோதனை இது. ஏற்கெனவே கொதித்த வண்டி என்பதால், ஓட்டலாமா என்பதைப் போர்மன்தான் சொல்ல வேண்டும். என்ன செய்தாலும் மீட்டரில் உள்ள கிலோமீட்டர், எண்ணெய் மூடியின் அடிப்பக்கம் எல்லாவற்றையும் போனில் படம் பிடித்து வையுங்கள். மூடியில் பால் கலந்த காப்பி மாதிரி படிந்திருந்தாலே கேஸ்கெட் போய்விட்டது என்று சிலர் சொல்வார்கள். அதை மட்டும் நம்ப வேண்டாம். வீட்டுக்கும் பள்ளிக்கும் குட்டித் தூரம் ஓடும் வண்டிகளில் வெறும் ஈரத்தாலும் அப்படிப் படியும்.

கம்பெனி கேட்கப் போகும் கேள்வி, கேஸ்கெட் போனதா என்பதல்ல. ஏன் கொதித்தது என்பதுதான். கூலண்ட் குறைந்தால் சூடு ஏறும், சூடு ஏறினால் அலுமினிய ஹெட் வளையும், வளைந்தால் கேஸ்கெட் தாங்காது. இந்தச் சங்கிலியின் முதல் கண்ணி எது என்பதில்தான் உங்கள் காசு இருக்கிறது. வாட்டர் பம்ப் ஒழுகியது என்றால் அது பல புத்தகங்களில் காக்கப்படும் பாகம். ரப்பர் ஹோஸ் வெடித்தது என்றால் 'அது தேயும் பொருள், அதனால் வந்த கேஸ்கெட் பழுதும் எங்கள் பொறுப்பல்ல' என்பார்கள். ஆகவே போர்மன் எழுதித் தரும் சீட்டில் 'ஹெட் கேஸ்கெட்' என்ற ஒரு சொல் போதாது. எங்கிருந்து ஒழுகியது, எந்தச் சோதனையில் தெரிந்தது என்று இரண்டு வரி வேண்டும். இழுவை வண்டி ரசீதையும் பத்திரப்படுத்துங்கள்; முள் ஏறியதும் நிறுத்தினீர்கள் என்பதற்கு அதுதான் சாட்சி. கூலண்ட் குறைவது தெரிந்தும் ஏன் ஓட்டினீர்கள் என்று நிச்சயம் கேட்பார்கள். இரண்டு முறையும் எப்போது, யார் ஊற்றினார்கள் என்று உள்ளதை உள்ளபடி எழுதி வையுங்கள்.

சரி, ஈப்போ பட்டறைக்குப் போகலாமா? போகலாம். ஆனால் வண்டியை அனுப்புமுன் கம்பெனியிடம் வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ எழுத்தில் பதில் வாங்குங்கள். திறக்கக் கூலி எவ்வளவு? கிளேம் ஏற்கப்பட்டால் அது திரும்பக் கிடைக்குமா? மறுக்கப்பட்டால் திரும்பப் பூட்டித் தரும் செலவு யாருடையது? ஒரு கிளேமுக்கு உச்ச வரம்பு என்ன? உதாரணமாக வரம்பு 1,500 வெள்ளி என்றால், ஹெட் ஸ்கிம் (வளைந்த ஹெட்டைச் சீவிச் சமப்படுத்துவது), டாப் ஓவர்ஹால் (என்ஜினின் மேல்பகுதியைப் பிரித்துச் சரிசெய்வது) எல்லாம் சேர்ந்த பில்லில் மிச்சம் உங்கள் தலையில். அந்தக் கணக்கு தெரியாமல் போய், என்ஜின் துண்டு துண்டாகக் கிடக்கும்போது பேரம் பேசினால் உங்கள் கை தாழ்ந்துதான் இருக்கும். கழற்றிய என்ஜினை யாராலும் வீட்டுக்கு எடுத்துப் போக முடியாது. 'ஹாஃப்கட் என்ஜின் போட்டுவிடலாம்' என்று, அதாவது வெட்டி இறக்குமதியான பழைய வண்டியின் என்ஜினை மாட்டலாம் என்று, சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். என்ஜின் எண் மாறும். சோதனைக்குப் போய் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) பதிவில் திருத்த வேண்டும்.

இப்போது விற்றவர். வாரண்டிப் புத்தகத்தைக் கொடுத்ததோடு தன் கடமை முடிந்தது என்று அவர் நினைக்கிறார். இந்தத் தொழிலில் பலருக்கும் அதே நினைப்புதான். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. மலேசியாவின் 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, சொந்த உபயோகத்துக்கு வாங்கிய பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டிய பொறுப்பு விற்றவருடையது. பழைய பொருளுக்கும் இது பொருந்தும். விலையும் வயதும் கணக்கில் எடுக்கப்படும், அவ்வளவுதான். 'உள்ளது உள்ளபடி விற்கப்பட்டது' என்று ரசீதில் எழுதி இந்தப் பொறுப்பிலிருந்து நழுவ முடியாது. 'புஸ்பாகோம் (வாகனச் சோதனை நிறுவனம்) பாஸ் ஆன வண்டி' என்ற பேச்சும் செல்லாது. பெயர் மாற்றச் சோதனையில் சேசிஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் சரிதானா என்று பார்ப்பார்கள். ஹெட்டைத் திறந்து பார்ப்பதில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கம்பெனி மறுக்கும்போது, 'இது வாங்குவதற்கு முன்பே இருந்த பழுது' என்று காரணம் சொல்லக்கூடும். கேட்டதும் கோபம் வரும். வரட்டும், ஆனால் அதைக் கட்டாயம் எழுத்தில் வாங்குங்கள். விற்றவருக்கு எதிராக உங்களுக்கு அதைவிட நல்ல தாள் கிடைக்காது. இரண்டாவது மாதமே கூலண்ட் குறைந்ததும் அதோடு சேர்ந்துகொள்ளும்.

அந்தத் தாளோடு விற்றவருக்கு 14 நாள் கெடு வைத்து ஒரு கடிதம் எழுதுங்கள். பதில் இல்லையென்றால் பயனீட்டாளர் திரிபுனல் (தீர்ப்பாயம்). கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கோரலாம், மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். பொதுவாக வழக்கறிஞர் வைக்க முடியாது. எதிர்த் தரப்புக்கும் அதே விதிதான். விற்றவர், வாரண்டி கம்பெனி இரண்டு பெயரையும் எதிர்த் தரப்பாகச் சேர்க்க முடியுமா என்று மனு கொடுக்கும்போதே கேளுங்கள். ஒருவர் மற்றவரைக் கைகாட்டும் விளையாட்டு அங்கே ஓடாது. தீர்ப்பு வந்து 14 நாளுக்குள் கட்டாவிட்டால் அது குற்றம்.

வங்கிக் கடனில் வாங்கியிருந்தால், கோபத்தில் தவணையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். வண்டி ஓடாதது வங்கிக்குப் பொருட்டல்ல. தொடர்ந்து இரண்டு மாதம் விட்டாலே இழுத்துப் போகும் நடவடிக்கைக்கு வழி திறக்கும்.

இன்னொன்று. தோட்டத்துப் பக்கம் ரேடியேட்டரில் பைப் தண்ணீர் ஊற்றுவது பழக்கம். முன்பு ஓட்டியவரும் செய்திருக்கலாம். தொட்டியில் தேத்தண்ணி நிறத்தில் துருத் தண்ணீர் நின்றால் கம்பெனி அதை உங்கள் அலட்சியம் என்று எழுதும். வாங்கியதிலிருந்து கூலண்ட் மட்டுமே ஊற்றினீர்கள் என்பதற்கு ரசீது இருந்தால், அந்தத் துரு விற்றவர் கணக்கில் போகும். ஆகவே கம்பெனி ஆள் வந்து பார்க்கும்வரை தொட்டித் தண்ணீரைக் கொட்டிக் கழுவ வேண்டாம் என்றும் போர்மனிடம் சொல்லிவிடுங்கள்.