‘நைஸ்’: ஒரு சொல்லின் கதை (கேள்வி பதில்)

கேள்வி: ‘நைஸ்’ ஒரு காலத்தில் வசவுச் சொல்லாமே, உண்மையா ஐயா?

பதில்: உண்மைதான். லத்தீனில் ‘நெஸ்கியுஸ்’ என்றால் ஒன்றும் அறியாதவன். அதில் ‘ஸ்கீரெ’ என்பது அறிதல். முன்னால் வரும் ‘நெ’ அதை மறுக்கிறது. ‘சயின்ஸ்’ பிறந்ததும் இதே ஸ்கீரெயிலிருந்துதான். பழைய பிரெஞ்சு வழியாக 1300 வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்தபோது, ஒருவரை நைஸ் என்றால் முட்டாள் என்று அர்த்தம்.

கேள்வி: அப்புறம் முட்டாள் எப்படி நல்லவன் ஆனான்?

பதில்: ஒரே தாவலில் ஆகவில்லை. முட்டாளைக் குறித்த சொல் கூச்ச சுபாவிக்குப் போனது, பிறகு எதிலும் குறை பார்க்கிறவருக்கு, அங்கிருந்து நுணுக்கம் பார்க்கிறவருக்கு. நுணுக்கம் வந்ததும் மதிப்பும் வந்துவிட்டது. ‘இனிய’, ‘நல்ல’ என்பதெல்லாம் 18ஆம் நூற்றாண்டில் நிலைத்தவை. எனக்குப் பிடித்தது அந்த நுணுக்கக் கட்டம்தான். அது இன்றும் உயிரோடு இருக்கிறது. ‘எ நைஸ் டிஸ்டிங்ஷன்’ என்று எங்காவது படித்தால் ‘நல்ல வேறுபாடு’ என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள். ‘நுட்பமான வேறுபாடு’ என்பதே சரி.

கேள்வி: பிரான்ஸின் நீஸ் நகரத்துக்கும் ஆங்கிலத்தில் அதே எழுத்துகள்தானே?

பதில்: எழுத்துதான் ஒன்று. நகரத்தின் பெயர் ‘நிகாயா’ என்ற கிரேக்கப் பெயரின் திரிபு. ‘நிகே’ என்றால் வெற்றி.

கேள்வி: கட்டுரையில் நைஸ் என்று எழுதினால் ஆசிரியர் அந்தச் சொல்லை அடித்துவிடுகிறார். ஏன்?

பதில்: பழைய சண்டை இது. ஆங்கில எழுத்தாளர் ஜேன் ஆஸ்டினின் ‘நார்த்தாங்கர் ஆபி’ நாவல் 1817 கடைசியில் வெளிவந்தது. அதிலேயே கதாநாயகன் ஹென்றி டில்னி இந்தச் சொல்லைக் கேலி செய்கிறான்: நாளும் நைஸ், நடையும் நைஸ், பெண்களும் நைஸ்! எல்லாவற்றுக்கும் பொருந்துகிற சொல் எதையும் குறிப்பாகக் காட்டாது. கட்டுரையைப் பொறுத்தவரை உங்கள் ஆசிரியர் பக்கம்தான் நானும். பேச்சில் தாராளமாகச் சொல்லுங்கள்.

கேள்வி: நல்ல பொருளில் இருந்து கெட்டுப்போன சொல் உண்டா?

பதில்: ‘சில்லி’. முதலில் பேறு பெற்றவர், பிறகு கள்ளமில்லாதவர், பிறகு பரிதாபத்துக்குரியவர், கடைசியில் அசடு. நம் ‘நாற்றம்’ இல்லையா? ‘கற்பூரம் நாறுமோ’ என்று ஆண்டாள் கேட்டது நறுமணத்தை.

கேள்வி: ‘நைசாக நழுவிவிட்டான்’ என்கிறோமே, அது?

பதில்: அந்த நைஸ் தமிழுக்கு வந்தபின் தானே வளர்ந்தது. நைஸான பொடியை இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்துப் பாருங்கள். துளி நெருடல் இருக்காது, வழுக்கிக்கொண்டு போகும். நழுவுகிறவனும் அப்படித்தானே போகிறான், யார் கையிலும் நெருடாமல்!