கனடாக் குளிகை வந்தால் கிளினிக் குளிகையை விடலாமா?

கேள்வி: டொக்டர், நாங்கள் மல்லாவிப் பக்கம். என் கணவருக்கு 61 வயது, வயல்தான் தொழில். போன வருடம் ஹார்ட் அற்றாக் வந்து ஸ்ரென்ற் வைத்தது. கிளினிக்கில் கொலஸ்ரோல் குறைய இரவுக்கு அற்றோவஸ்ரற்றின் 20 தருகிறார்கள். அதைப் போடத் தொடங்கியதில் இருந்து கால் உளைகிறது என்கிறார். கனடாவில் இருக்கும் மகன் 'பிளான்ற் ஸ்ரெரோல்' என்று ஒரு போத்தல் குளிகை அனுப்பியிருக்கிறான், மரக்கறி, மரங்களில் இருந்து எடுத்ததாம், பக்கவிளைவு இல்லையாம். மூன்று கிழமையாகக் கிளினிக் குளிகையை விட்டுவிட்டு இதைத்தான் எடுக்கிறார். குளிகை எடுத்த காலத்தில் பார்த்தபோது கெட்ட கொலஸ்ரோல் 118. இது போதுமா? நானும், கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கும் மகளும் எடுக்கலாமா?

பதில்: அம்மா, மற்றதைப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள், முதலில் கிளினிக் குளிகையை இன்றிரவே திரும்பத் தொடங்கச் சொல்லுங்கள். ஒரு விஷயத்தை மட்டும் கேட்டுப் பாருங்கள்: சிறுநீர் தேத்தண்ணி நிறத்தில் போனதா, கதிரையில் இருந்து எழும்ப முடியாத அளவுக்குத் தசை சோர்ந்ததா? அப்படியென்றால் தொடங்காமல் நேரே ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும். அதோடு அஸ்பிரின், குளோபிடோகிறெல் போன்ற இரத்தம் உறையாமல் இருக்கத் தரும் குளிகைகளையும் சேர்த்து நிறுத்திவிட்டாரா என்று பாருங்கள். நிறுத்தியிருந்தால் அதற்கும் காத்திருக்கக் கூடாது, இதய நாடிக்குள் வைத்த அந்த ஸ்ரென்ற்றுக்குள்ளேயே இரத்தம் கட்டிவிடலாம்.

சரி, இப்போது அந்தப் போத்தலுக்கு வருவோம். மகன் அனுப்பியது ஏமாற்றுச் சாமான் இல்லை. எங்கள் உடம்பில் கொலஸ்ரோல் இருப்பதுபோல மரம் செடியில் ஸ்ரெரோல் இருக்கிறது, இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே முகம். நாங்கள் சாப்பிட்ட கொழுப்பைக் குடலில் பித்தநீர் சின்னச் சின்ன உருண்டையாக்கித்தான் சுவருக்குக் கொண்டுபோகும். அதை வவுனியாவில் இருந்து பரந்தனுக்கு வரும் பஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள், சீற் கொஞ்சம்தான். ஸ்ரெரோல் முதலில் ஏறி இருந்துவிட்டால் கொலஸ்ரோல் றோட்டில் நிற்கவேண்டியதுதான், அப்படியே மலத்தோடு போய்விடும். இடம் பிடித்த ஸ்ரெரோலாவது உள்ளே போகுமா என்றால் அதுவும் இல்லை, குடல் சுவரில் இருக்கும் ஒரு பம்ப் அதில் பெரும்பகுதியைத் திரும்ப வெளியே தள்ளிவிடும்.

இது வேலை செய்கிறது என்பதில் சந்தேகம் இல்லை. 1995இல் பின்லாந்தில் 153 பேருக்கு ஸ்ரெரோலின் சொந்தக்காரச் சாமான் ஒன்றை மாஜரினில் கலந்து ஒரு வருடம் கொடுத்துப் பார்த்தார்கள், கெட்ட கொலஸ்ரோல் 14 வீதம் அளவில் இறங்கியது. பொதுவாக நாளொன்றுக்கு 2 கிராம் எடுத்தால் 8 முதல் 10 வீதம் இறங்கும் என்று கணக்கு வைக்கலாம், அதுவும் சாப்பாட்டோடு எடுத்தால்தான். வெறும் வயிற்றில் போட்டால் ஏறுவதற்கு பஸ்ஸே இல்லை.

ஆனால் உங்கள் வீட்டுக் கணக்கைப் பாருங்கள். 118 என்பது அற்றோவஸ்ரற்றின் போட்டு வந்த எண். அந்த 20 மில்லிகிராம் ஏறக்குறைய 40 வீதம் குறைக்கும், ஆகவே குளிகை இல்லாமல் அவருடைய சொந்த எண் 200க்குக் கிட்ட இருக்கும். அதில் 10 வீதம் கழித்தால் 180. ஒரு தடவை அற்றாக் வந்தவருக்கு நாங்கள் விரும்புவது 70க்குக் கீழே, முடிந்தால் 55க்கும் கீழே. மூன்று கிழமை போதும், குளிகையின் வேலை முழுக்க இல்லாமல் போயிருக்கும். அதாவது மகனுடைய போத்தலை நம்பி 118இல் இருந்து 180க்கு ஏறி நிற்கிறார், அவருக்கே தெரியாமல். கொலஸ்ரோல் ஏறினால் தலை சுற்றாது, நெஞ்சு நோகாது, வரம்பில் நடக்கும்போது ஒன்றுமே தெரியாது, அதுதான் இந்த வருத்தத்தில் எனக்குப் பிடிக்காத குணம்.

எண் இறங்குவது ஒன்று, அற்றாக் வராமல் தடுப்பது இன்னொன்று. அற்றோவஸ்ரற்றின், சிம்வஸ்ரற்றின் போன்ற ஸ்ரற்றின் வகைக் குளிகைக்கு அந்த இரண்டாவது சாட்சியும் இருக்கிறது. 1994இல் வெளிவந்த ஸ்கண்டிநேவிய ஆய்வில் ஏற்கனவே இதய வருத்தம் வந்த 4,444 பேர், பாதிப் பேருக்கு சிம்வஸ்ரற்றின், மற்றப் பாதிக்கு மருந்தில்லாத வெற்றுக் குளிகை, ஐந்து வருடத்துக்கு மேல் பார்த்தார்கள். வெற்றுக் குளிகைக்காரரில் 256 பேர் இறந்தார்கள், மருந்து எடுத்தவர்களில் 182 பேர். ஸ்ரெரோலுக்கு இப்படி ஆட்களைத் தலை எண்ணிக் காட்டிய ஆய்வு ஒன்றும் இல்லை. அதனால்தான் டொக்டர்மாருக்கு வழிகாட்டி எழுதும் பிரித்தானியாவின் நைஸ் அமைப்பு 2014இல், மாரடைப்பைத் தடுக்கவென்று இதை எடுக்கும்படி நோயாளிகளுக்குச் சொல்லவேண்டாம் என்றே எழுதிவைத்தது. இன்னொரு காரணமும் என் மனதில் உண்டு. நான் சொன்ன அந்தக் குடல் பம்ப் பிறப்பிலேயே பழுதான ஆட்கள் மிக அரிதாக இருக்கிறார்கள், 1974இல் இரண்டு சகோதரிகளில்தான் முதலில் இதைக் கண்டுபிடித்தார்கள். இந்தக் குறை உள்ளவர்களுக்கு ஸ்ரெரோல் இரத்தத்தில் சேர்ந்து இளவயதிலேயே இதய நாடி அடைபடலாம். உங்கள் கணவருக்கு அந்த வருத்தம் இருக்கும் என்று சொல்லவில்லை. 'மரத்தில் இருந்து வந்தது, ஒன்றும் செய்யாது' என்ற பேச்சுக்குத்தான் இதைச் சொல்கிறேன். அலரியும் மரம்தான்.

கால் உளைவைப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அது குளிகையாலா, விதைப்புக்கு ஓடித் திரிந்ததாலா, வைற்றமின் டி குறைவா, தைரொயிட்டா என்று பார்க்கவேண்டும். தசை பழுதாகிறதா என்று காட்டும் சி.கே. என்ற இரத்தச் சோதனை ஒன்று இருக்கிறது, அதைக் கிளினிக்கில் கேளுங்கள். குளிகைதான் காரணம் என்றாலும் வழி இருக்கிறது, வேறு ஸ்ரற்றினுக்கு மாற்றலாம், அளவைக் குறைத்து எசெற்றிமைப் என்ற இன்னொரு குளிகையைச் சேர்க்கலாம். இந்த எசெற்றிமைப்பும் ஸ்ரெரோல் மாதிரிக் குடலில்தான் மறிக்கிறது, கொலஸ்ரோல் உள்ளே போகும் வாசலையே பூட்டிவிடும், மேலதிகமாக 20 வீதம் அளவில் இறக்கும், அற்றாக்கைக் குறைக்கிறது என்பதும் 2015இல் வந்த பெரிய ஆய்வில் தெரிந்த விஷயம். உளைவு இல்லை என்றாலும் 20 மில்லிகிராம் அவருக்குக் காணாது, 40 அல்லது 80 தரலாமா என்று கேளுங்கள்.

அப்புறம் அந்தப் போத்தலைக் குப்பையில் போடவேண்டுமா? வேண்டாம், கிளினிக் குளிகையோடு சேர்த்து எடுக்க விருப்பம் என்றால் சாப்பாட்டோடு எடுக்கட்டும், இரண்டும் மோதாது, எண் இன்னும் கொஞ்சம் இறங்கும். முடிந்த பிறகு இன்னொன்று வாங்க மகன் காசு செலவழிக்கத் தேவையில்லை. மகள் எடுக்கக்கூடாது, கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுப்பவர்களுக்கும் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும் இது இல்லை. நீங்கள் முதலில் உங்கள் இரத்தத்தைச் சோதித்துவிட்டு வாருங்கள், எண் தெரியாமல் மருந்து எதற்கு?

சாப்பாட்டிலேயே எடுக்கலாமே என்று கேட்பீர்கள். எள்ளு, கச்சான், உழுந்து, பயறு, தீட்டாத அரிசி எல்லாவற்றிலும் ஸ்ரெரோல் இருக்கிறது, எள்ளில்தான் கூட, 100 கிராமில் 400 மில்லிகிராமுக்கு மேல். ஆனால் நாங்கள் வழமையாகச் சாப்பிடுவதில் எல்லாம் சேர்த்தே ஒரு நாளைக்கு 150 முதல் 400 மில்லிகிராம்தான் வரும். 2 கிராம் வேண்டுமென்றால் அவர் தினமும் கிட்டத்தட்ட அரைக் கிலோ எள்ளு சப்பவேண்டும், எள்ளுருண்டையாகச் சாப்பிட்டால் சீனி வருத்தமும் கூடவே வரும். ஆகவே ஸ்ரெரோலுக்காக இல்லை, நார்ச்சத்துக்கும் நல்ல கொழுப்புக்கும் சாப்பிடட்டும்: காலையில் பாணுக்கும் மாஜரினுக்கும் பதிலாக அவித்த பயறோ கௌபியோ, பின்னேரம் றோல்ஸ் கடிக்காமல் உப்பில்லாமல் வறுத்த கச்சான் ஒரு கை. ஒரு கை என்றால் ஒரு கைதான், திருவிழாக் கச்சான் கடையில் வாங்கும் பை இல்லை.

எண்ணெய்ப் போத்தலில் 'கொலஸ்ரோல் இல்லை' என்று பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்து ஆறுதல் அடையவேண்டாம், எந்தத் தாவர எண்ணெயிலும் அது கணக்கில் எடுக்கிற அளவுக்கு இருப்பதில்லை. தேங்காய் எண்ணெயிலும் இல்லைத்தான், ஆனால் அதில் 80 வீதத்துக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு, அது ஈரலைக்கொண்டு கெட்ட கொலஸ்ரோலைக் கூட்டுவிக்கும். சொதி இல்லாமல் இடியப்பம் இறங்காது என்பது எனக்கும் தெரியும், எனக்கும் இறங்காது. முதற்பாலை விட்டுவிட்டு இரண்டாம் பாலில் வையுங்கள், தாளிக்க நல்லெண்ணெய், பொரியலைக் கிழமைக்கு ஒரு நாளாக்குங்கள். அவர் சுருட்டோ சிகரெட்டோ பிடிக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. பிடித்தால் மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் முன்னால் அதுதான் நிற்கவேண்டும்.

குளிகையை ஒழுங்காகப் போட்டு ஆறு கிழமை கழித்துத் திரும்ப இரத்தம் சோதியுங்கள், போத்தலையும் கிளினிக் கொப்பியோடு எடுத்துக்கொண்டு போய் டொக்டரிடம் காட்டுங்கள். மகன் அடுத்த முறை பார்சல் போடும்போது பிறஷர் பார்க்கும் மெசின் ஒன்று வைக்கச் சொல்லுங்கள், மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம், மேற்கையில் கட்டுவது.