எந்த மவுண்ட், எந்த லென்ஸ்? நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

கேமரா, லென்ஸ் பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். நிறைய வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன். நான் 18 வருடமாகக் கல்யாணம் எடுக்கிறேன், நேரம் கிடைக்கும்போது பறவைகள். எந்தக் கம்பெனியிடமும் காசு வாங்கியதில்லை. பதில்களில் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வரும்: பாடியை (லென்ஸ் இல்லாத கேமராவை) நான்கைந்து வருடத்தில் மாற்றிவிடுவோம், லென்ஸ் 15 வருடம் கூட வரும், அதனால் வாங்கும்போது பாடியைவிட மவுண்டை, அதாவது லென்ஸைப் பாடியில் மாட்டும் அமைப்பைப் பார்க்க வேண்டும், அந்த மவுண்டை வைத்துக் கம்பெனி என்ன செய்ய நினைக்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

அக்கா, விஸ்காம் இரண்டாம் வருடம் படிக்கிறேன். அப்பா 45 ஆயிரம் தருகிறேன் என்கிறார். புது மிரர்லெஸ்ஸா, பழைய டிஎஸ்எல்ஆரா?

பழையதே வாங்கு தம்பி (டிஎஸ்எல்ஆர் உள்ளே மிரர் உள்ள பழைய வகை, மிரர்லெஸ் அது இல்லாத புது வகை). அந்தப் பணத்தில் புதிதாக வாங்கினால் அடிமட்ட பாடியும் அதோடு வரும் ஒரு கிட் லென்ஸும்தான் கையில் நிற்கும், அடுத்த லென்ஸுக்கு மறுபடியும் அப்பாவிடம் போக வேண்டும். செகண்ட் ஹேண்டில் கேனானோ நிக்கானோ ஒரு நல்ல பாடி, அதோடு 18-55, மிச்சப் பணத்தில் ஒரு பிரைம் (ஜூம் ஆகாத லென்ஸ்) என்று மூன்றும் வந்துவிடும்.

பிரைம் என்றவுடன் எல்லோரும் 50 எம்எம் எஃப் 1.8-ஐக் கைகாட்டுவார்கள் (எம்எம் கூடினால் பார்வை குறுகும், எஃப் எண் குறைந்தால் வெளிச்சம் கூட வரும்). நல்ல லென்ஸ்தான், ஆனால் கிராப் சென்சாரில் (35 எம்எம் ஃபிலிமைவிடச் சிறிய சென்சார், ஃபிலிம் அளவே இருந்தால் ஃபுல் ஃப்ரேம்) அது கேனானில் 80, நிக்கானில் 75 மாதிரி நடந்துகொள்ளும். நம் வீட்டு ஹாலில் நான்கு பேரை நிற்கவைத்து எடுக்கப் பின்னால் போனால் சுவர் இடிக்கும். அதனால் முதல் இரண்டு மாதம் 18-55-ஐ மட்டும் வைத்து எடு. அப்புறம் உனக்குப் பிடித்த நூறு படத்தை எடுத்து, ஒவ்வொன்றும் எத்தனை எம்எம்மில் எடுத்தது என்று ஃபைல் விவரத்தில் பார். 24-ல் குவிந்திருந்தால் கேனானின் 24 எம்எம் எஃப் 2.8, 35-ல் குவிந்திருந்தால் நிக்கானின் டிஎக்ஸ் 35 எம்எம் எஃப் 1.8, 50 பக்கம் போயிருந்தால் அந்த 50. அடுத்தவர் சொல்லும் லென்ஸைவிட நீ ஏற்கெனவே எடுத்த படங்கள் சொல்லும் லென்ஸ் பொருந்தும்.

மேடம், கேனான் 5டி மார்க் 4, ஈஎஃப் 24-70, 70-200 வைத்து வெடிங் பண்ணுகிறேன். கூடத் தொழில் செய்கிறவர்கள் எல்லோரும் சோனிக்குப் போய்விட்டார்கள். நானும் எல்லாவற்றையும் விற்றுவிட்டுப் போகவா?

விற்காதீர்கள். அவசரப்பட்டு விற்றால் லென்ஸில் பாதி விலை போய்விடும்.

காரணம் கொஞ்சம் பழைய கதை. 1987-ல் கேனான் தன் எஃப்டி மவுண்டை அப்படியே கைவிட்டு ஈஎஃப் மவுண்டுக்கு மாறியது. மவுண்டிலிருந்து ஃபிலிம் வரை உள்ள தூரம் எஃப்டியில் 42 எம்எம், ஈஎஃப்பில் 44. புது பாடியில் அந்தத் தூரம் 2 எம்எம் கூடிவிட்டதால், நடுவில் லென்ஸ் கண்ணாடி வைக்காமல் பழைய லென்ஸைப் பொருத்தித் தூரத்தில் ஃபோகஸ் பண்ணவே முடியாது. எஃப்டி லென்ஸ் வைத்திருந்த தொழில்முறைக்காரர்கள் கொதித்துப் போனார்கள். நிக்கானோ 1959-ல் கொண்டுவந்த எஃப் மவுண்டை விடவில்லை. ஆனால் ஈஎஃப்பில் லென்ஸுக்கும் பாடிக்கும் நடுவே எல்லாமே மின் தொடர்பு, ஃபோகஸ் மோட்டாரும் லென்ஸுக்குள்ளேயே. அதனால்தான் தொண்ணூறுகளில் விளையாட்டு மைதானங்களின் ஓரத்தில் கேனானின் வெள்ளை லென்ஸ்களாக நின்றன.

2018-ல் கேனான் மறுபடி மவுண்ட் மாற்றியபோது இந்தக் கணக்கு தலைகீழ். புது மவுண்டான ஆர்எஃப்பில் அந்தத் தூரம் 20 எம்எம்தான். ஈஎஃப்பின் 44-க்கும் இதற்கும் நடுவில் 24 எம்எம் இடம் இருக்கிறது, அங்கே ஒரு வெற்றுக் குழாயை வைத்தால் போதும். கேனானின் அடாப்டர் அதுதான். உள்ளே லென்ஸ் கண்ணாடி கிடையாது, மின் தொடர்பு நேரடி, பழைய லென்ஸ் முன்பைவிட நன்றாகவே ஃபோகஸ் ஆகும். 1987-ல் பட்டதை மறக்காமல் இந்த முறை பழைய ஆட்களைக் கைவிடாமல் கூட்டிப் போயிருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

எனவே ஓர் ஆர்6 மார்க் 2 மிரர்லெஸ் பாடியும் அடாப்டரும் போதும். சீசன் முடிந்து கையில் காசு இருந்தால் லென்ஸை ஒவ்வொன்றாக மாற்றுங்கள், இல்லாவிட்டால் மாற்றவே வேண்டாம். மணமகள் முகத்தில் ஆர்எஃப் எது, ஈஎஃப் எது என்று யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை.

சோனிக்கு சிக்மா, டாம்ரான் என்று வேறு கம்பெனி லென்ஸ் கொட்டிக் கிடக்கிறது. கேனான் ஆர்எஃப்புக்கு மட்டும் ஏன் இப்படிப் பஞ்சம்? இது அநியாயம் இல்லையா?

இந்தக் கேள்வியைப் பதினோரு பேர் கேட்டிருக்கிறீர்கள், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

கேனான், நிக்கான் இரண்டும் 2018-ல் ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ்ஸுக்கு வந்தபோது சோனி அதில் ஐந்து வருடம் முன்னால் இருந்தது. முதல் ஏ7 2013-ல் வந்தது. ஆனால் தொடக்கத்தில் சோனியிடம் லென்ஸ் மிகக் குறைவு. 2006-ல் கோனிகா மினோல்டாவின் கேமராத் தொழிலை வாங்கித்தான் இந்தப் பக்கமே வந்தவர்கள், கேனான் மாதிரி லென்ஸ் வரிசை கிடையாது. அதனால் 2011-லேயே தங்கள் மிரர்லெஸ் மவுண்டான ஈ மவுண்டின் விவரக்குறிப்புகளை மற்ற லென்ஸ் கம்பெனிகளுக்குக் கட்டணமில்லாமல் திறந்துவிட்டார்கள். அது தாராளம் இல்லை, தேவை. டாம்ரானில் சோனிக்குப் பங்கும் உண்டு. 2018-ல் டாம்ரான் 28-75 எஃப் 2.8 வந்ததும், சோனியின் சொந்த 24-70 ஜி மாஸ்டரை வாங்க முடியாத கல்யாணக்காரர்கள் கூட்டமாக அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். அந்த ஒரு லென்ஸுக்காகவே மவுண்ட் மாறியவர்களை எனக்குத் தெரியும்.

கேனானுக்கு அந்தத் தேவை இல்லை. பாடியில் லாபம் குறைவு, லென்ஸில்தான் நிற்கும். ஆகவே கதவைச் சாத்தினார்கள். 2022-ல் வில்ட்ராக்ஸ் என்ற லென்ஸ் கம்பெனி தன் ஆர்எஃப் ஆட்டோஃபோகஸ் லென்ஸ்களை விற்பதை நிறுத்த வேண்டி வந்தது. 2024 ஏப்ரலில் கேனான் சிக்மாவுக்கும் டாம்ரானுக்கும் உரிமம் வழங்கியது, ஆனால் அப்போது அறிவித்தவை எல்லாமே கிராப் சென்சார் லென்ஸ்கள். ஏன் கிராப் மட்டும் என்று யோசித்தால் கணக்கு புரிந்துவிடும். ஆர்7, ஆர்10 போன்ற கிராப் பாடிகளுக்குக் கேனான் தானே நல்ல வேகமான லென்ஸ் செய்யவில்லை, செய்யும் ஆர்வமும் காட்டவில்லை. கிராப் வாங்கியவர் ஒருநாள் ஃபுல் ஃப்ரேமுக்கு ஏற வேண்டும் என்பதுதான் அவர்கள் விருப்பம். தான் சம்பாதிக்காத இடத்தை அடுத்தவருக்குக் கொடுப்பதில் நஷ்டம் இல்லை.

அநியாயமா? கம்பெனி தன் பொருளைப் பாதுகாப்பது அவர்கள் உரிமை. ஆனால் அதில் அடிபடுவது நடுவில் இருப்பவர்கள். ஒரு பக்கம் மலிவான 50 எஃப் 1.8, இன்னொரு பக்கம் கிட்னியை விற்க வேண்டிய விலையில் கேனானின் உயர்தர எல் லென்ஸ், நடுவில் எஃப் 2.8 ஜூம் என்று பல வருடம் ஒன்றுமே இல்லை. 2024-ல் ஆர்எஃப் 28-70 எஃப் 2.8 எஸ்டிஎம் என்று ஒன்றைக் கேனானே கொண்டுவந்தது. அந்த டாம்ரான் நின்ற அதே இடம். ஆறு வருடம் தாமதம் என்றாலும் நல்ல லென்ஸ்.

சோனியும் கதவை முழுதாகத் திறந்து வைக்கவில்லை என்பதைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஏ1 நொடிக்கு 30 படம் எடுக்கும், ஏ9 மார்க் 3 120 படம் எடுக்கும், ஆனால் வேறு கம்பெனி லென்ஸ் போட்டால் 15-தான். கல்யாணத்துக்கு அது பிரச்சினையே இல்லை. பறவை, கிரிக்கெட் எடுக்கிறவர்கள் மட்டும் வாங்குவதற்கு முன் யோசிக்க வேண்டும். நிக்கான் நடுவில் நிற்கிறது: டாம்ரானுக்கு 2022-லும் சிக்மாவுக்கு 2023-லும் வழி விட்டது. லைக்கா, பானசோனிக், சிக்மா மூன்றும் 2018-ல் எல் மவுண்டில் ஒன்று சேர்ந்துவிட்டன.

நிக்கான் டி5600-க்கு 50 எம்எம் 1.8டி வாங்கினேன், ஆட்டோஃபோகஸ் வேலையே செய்யவில்லை. லென்ஸ் கெட்டுப்போனதா?

லென்ஸ் நன்றாக இருக்கிறது. இந்த 1.8டி லென்ஸில் மோட்டார் கிடையாது, பாடியில் உள்ள மோட்டார்தான் திருகு மாதிரி அதைச் சுற்றும். டி3000, டி5000 வரிசைகளில் விலையைக் குறைக்க அந்த மோட்டாரை எடுத்துவிட்டார்கள். திருப்பிக் கொடுத்துவிட்டு மோட்டார் உள்ளேயே இருக்கும் ஏஎஃப்-எஸ் 50 1.8ஜி வாங்குங்கள். நிக்கானின் மிரர்லெஸ் மவுண்டான இசட்டுக்குப் போனாலும் அதற்கான எஃப்டிஇசட் அடாப்டர் இந்த டி லென்ஸை ஃபோகஸ் பண்ணாது, கையால்தான்.

ஆர்எஃப் 16 எம்எம் வாங்கினேன். ரா ஃபைலை (கேமரா திருத்தாமல் சேமிக்கும் படம்) வேறொரு சாஃப்ட்வேரில் திறந்தால் ஓரங்கள் கறுத்து, கோடுகள் வளைந்து கிடக்கின்றன. டூப்ளிகேட்டா?

ஒரிஜினல்தான், பயப்படாதீர்கள். லென்ஸைச் சிறிதாகவும் மலிவாகவும் செய்ய, வளைவைக் கண்ணாடியில் திருத்தாமல் சாஃப்ட்வேரில் திருத்துவது என்று முடிவு பண்ணித்தான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். கேமராவில் எடுக்கும் ஜேபெக்கில் தெரியாது. சாஃப்ட்வேரில் இந்த லென்ஸுக்குரிய ப்ரொஃபைல் கரெக்‌ஷனைப் போட்டுப் பாருங்கள், சரியாகிவிடும். ஓரத்தில் கொஞ்சம் தெளிவு குறையும், அந்த விலைக்கு நான் ஏற்றுக்கொள்வேன்.

ஏன் எல்லாமே இவ்வளவு விலை ஏறிவிட்டது? 25 ஆயிரத்துக்கு டிஎஸ்எல்ஆர் கிடைத்த காலம் திரும்பாதா?

திரும்பாது. ஜப்பானியக் கேமராத் தயாரிப்பாளர் சங்கமான சிபாவின் கணக்குப்படி 2010-ல் 12 கோடிக்கு மேல் டிஜிட்டல் கேமராக்கள் சந்தைக்குப் போயின. 2023-ல் 80 லட்சத்தைக்கூடத் தொடவில்லை. போன் தின்றது பெரும்பாலும் சின்னக் கேமராக்களை, ஆனால் தொழிற்சாலை, ஆராய்ச்சி, சர்வீஸ் செலவெல்லாம் மிச்சமிருக்கும் கொஞ்சம் பேரின் தலையில் விழுகிறது. அதனால் கம்பெனிகள் அடிமட்டத்தை விட்டு மேலே போய்விட்டன. 2018-ல் வந்த டி3500-க்குப் பிறகு நிக்கான் அந்த விலையில் டிஎஸ்எல்ஆர் கொண்டுவரவே இல்லை.

இந்தச் சுருக்கத்தில் செத்துப்போன மவுண்டுகளையும் நினைவில் வையுங்கள். நிக்கான் 1 2018-ல் நின்றது. சாம்சங் என்எக்ஸ் காணாமல் போனது. கேனானின் ஈஎஃப்-எம் 2012-ல் வந்து பத்து வருடம் ஓடி ஓய்ந்தது. ஒலிம்பஸ் தன் கேமராத் தொழிலைக் கைமாற்றியது, 2021 முதல் அது ஓஎம் என்ற பெயரில் தனிக் கம்பெனி. இருந்தாலும் ஒலிம்பஸ் பயன்படுத்திய மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் மவுண்டுக்கான லென்ஸ் வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள், ஏனென்றால் அந்த மவுண்டில் பானசோனிக்கும் இருந்தது. என்எக்ஸ் வாங்கியவர்களுக்கு அந்த வசதி இல்லை.

ஃபுல் ஃப்ரேம் இருந்தால்தான் ப்ரொஃபஷனலா?

இல்லை. ஃபுஜி ஃபுல் ஃப்ரேமையே தொடாமல், கீழே கிராப், மேலே மீடியம் ஃபார்மட் (ஃபுல் ஃப்ரேமைவிடப் பெரிய சென்சார்) என்று இரண்டு பக்கம் மட்டும் வைத்துத் தொழில் நடத்துகிறது. கிராப்பை ஏணிப்படியாக நினைக்காததால் அதற்கென்றே நல்ல பிரைம்கள் செய்திருக்கிறார்கள். மண்டபத்து மங்கலான வெளிச்சத்தில் தினம் வேலை என்றால் ஃபுல் ஃப்ரேம் உதவும், அவ்வளவுதான்.

நிக்கான் டி7500, 70-300 வைத்திருக்கிறேன். வேடந்தாங்கலில் பறவைகள் சின்னதாகவே விழுகின்றன. இசட்டுக்கு மாறினால் சரியாகுமா அக்கா?

பாடி மாறினால் பறவை பெரிதாகாது. பழைய நிக்கான் 200-500 எஃப் 5.6 ஒன்று தேடுங்கள், பலர் மிரர்லெஸ்ஸுக்குப் போவதால் நல்ல நிலையில் கிடைக்கிறது. உங்கள் கிராப் பாடியில் 750 எம்எம் பார்வை வரும். 2.3 கிலோ எடை, மோனோபாட் (ஒற்றைக் கால் ஸ்டாண்ட்) வேண்டும். பின்னாளில் இசட்டுக்குப் போனாலும் அடாப்டரில் இது ஃபோகஸ் ஆகும். அப்புறம் ஒன்று, ஏரிக்கரையிலிருந்து மரங்கள் தூரம். வெயில் ஏறிய பின் தண்ணீர் மேல் காற்று அலையடிக்கும், எந்த லென்ஸ் போட்டாலும் படம் கலங்கித்தான் விழும். விடிந்ததும் உள்ளே போய்விடுங்கள்.

கிரே மார்க்கெட்டில் (கம்பெனியின் இந்திய வழியில் வராத சரக்கு) லென்ஸ் 20 சதவீதம் குறைவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

நான் ஒருமுறை வாங்கினேன். எட்டாவது மாதம் ஃபோகஸ் மோட்டார் போனது. இந்திய பில் இல்லை என்று வாரன்ட்டி மறுத்துவிட்டார்கள். மிச்சம் பிடித்த பணத்தைவிட அதிகமாக ரிப்பேருக்குக் கொடுத்தேன், இரண்டு முகூர்த்தத்துக்கு லென்ஸ் வாடகை வேறு. பில் உள்ள செகண்ட் ஹேண்டை அதைவிட நம்புவேன்.

அம்மா, எனக்கு 63 வயது. என் அப்பா வைத்திருந்த நிக்கானின் நிக்கார் 105 எஃப் 2.5 லென்ஸ் தோல் பெட்டியோடு பீரோவில் இருக்கிறது. அதில் பேரனைப் படம் எடுக்க ஆசை. எந்தக் கேமரா வாங்க?

ஐயா, முதலில் அதைத் தோல் பெட்டியிலிருந்து வெளியே எடுங்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும், நம் ஊர்க் காற்றில் பூஞ்சை வர அதுவே போதும். ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கத்திலிருந்து பாருங்கள். சிலந்தி வலை மாதிரி இழைகள் தெரிந்தால் லென்ஸ் மெக்கானிக்கிடம் கொடுங்கள், நீங்களே துடைக்க வேண்டாம். தெரியாவிட்டால் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிகா ஜெல்லும் ஒரு சின்ன ஈரப்பத மீட்டரும் போட்டு வையுங்கள். 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் இருந்தால் போதும், அதற்கும் கீழே காயவிட வேண்டாம்.

கேமராவுக்குப் பழைய நிக்கான் இசட்5 பாருங்கள். ஃபுல் ஃப்ரேம் என்பதால் 105, 105-ஆகவே இருக்கும், ஆட்டம் தாங்கும் வசதி பாடிக்குள்ளேயே உண்டு. எஃப் மவுண்டிலிருந்து இசட்டுக்கு மாற்றும் சாதாரண அடாப்டர் போதும், மின் தொடர்பு உள்ள விலை கூடியது வேண்டாம். ஃபோகஸ் கையால்தான், அதற்கு வ்யூஃபைண்டரில் பெரிதாக்கிப் பார்க்கும் பட்டனைப் பழகிக்கொள்ளுங்கள். பேரன் ஓடிக்கொண்டிருக்கும்போது பிடிப்பது கஷ்டம், சாப்பிடும்போதும் தூங்கும்போதும் எடுங்கள். மெனுவில் நான்-சிபியு லென்ஸ் (மின் தொடர்பு இல்லாத லென்ஸ்) என்ற இடத்தில் 105 என்றும் 2.5 என்றும் பதிந்துவிடுங்கள், அப்போதுதான் அந்த ஆட்டம் தாங்கும் வசதி இந்த லென்ஸுக்கு ஏற்றபடி வேலை செய்யும்.