சர்ஃபிங் பழகினால் முதுகெலும்பு போய்விடுமா?

கேள்வி: ஜூலையில் இலங்கையின் அறுகம்குடாவில் முதன்முறையாக சர்ஃபிங் (பலகைமேல் அலைச்சறுக்கு) வகுப்புக்குப் போகிறேன். வயது 26, நாள் முழுக்க கணினி வேலை. ‘முதுகெலும்பு போய்விடும்’ என்று வீட்டில் பயமுறுத்துகிறார்கள். 58 வயது அப்பாவும் அலையில் இறங்குவேன் என்கிறார். போகலாமா?

பதில்: தாராளமாகப் போகலாம். வீட்டில் பெரிய அலையை நினைத்துப் பயப்படுகிறார்கள்; நான் சொல்லப்போகிற பாதிப்புக்கு அலையே வேண்டாம்.

சர்ஃபர்ஸ் மைலோபதி என்று பெயர். ஹவாய் மருத்துவர்கள் 2004-இல் இதை விவரித்தார்கள். பலகையில் குப்புறப் படுத்து, நெஞ்சைத் தூக்கி, முதுகை வில்லாக வளைத்தபடியே வெகுநேரம் இருப்பதால், முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத் தொகுதியான தண்டுவடத்துக்கு ரத்த ஓட்டம் குறைகிறது என்று கருதப்படுகிறது. அடியும் படாது, எலும்பும் முறியாது. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது, எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். மிக அரிதுதான். ஆனால் பெரும்பாலும் மாட்டுவது உங்களைப் போன்ற ஆரோக்கியமான இளையவர்கள், அதுவும் முதல் வகுப்பில். சிலருக்குக் காலில் பழைய பலம் திரும்புவதில்லை.

முதலில் திடீர் முதுகுவலி. அப்புறம் கால் மரத்துப்போகும், தளரும், சிறுநீர் கழிக்க வராது. ‘பிடிப்புதான், இன்னும் ரெண்டு அலை பார்ப்போம்’ என்று தோன்றும். வேண்டாம், வலி வந்ததுமே கரையேறுங்கள். கால் மரத்தால் அங்கே 1990 என்ற எண்ணுக்கு அழைத்து ஆம்புலன்ஸ் வரவழையுங்கள். தைலம் தேய்ப்பது, உருவிவிடுவதெல்லாம் வேண்டாம். அலைக்குக் காத்திருக்கும்போது பலகைமேல் எழுந்து உட்காருங்கள், அல்லது தலையைத் தாழ்த்திப் படுங்கள். இறங்குமுன் தண்ணீர் குடியுங்கள்.

அடுத்தது கழுத்து. ஆழமில்லாத இடத்தில் தலைகுப்புற விழுந்தால் ஈரமணலும் சிமெண்டுத் தரைதான். விழும்போது பாயாதீர்கள், முதுகோ பக்கவாட்டோ தண்ணீரில் படும்படி தட்டையாக விழுந்து, இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டே மேலே வாருங்கள். அறுகம்குடாவில் மெயின் பாயிண்ட் என்கிற சர்ஃபிங் இடத்தில் அடியில் பாறை. முதல் நாள் அந்தப் பக்கம் வேண்டாம். யாராவது தலையில் அடிபட்டுக் கிடந்தால் கையைப் பிடித்து இழுக்காமல், முகம் மேலே இருக்க, கழுத்து திரும்பாமல் பிடித்துக்கொண்டு ஆள் கூப்பிடுங்கள்.

அப்பா விஷயத்தில்தான் எனக்குக் கூடுதல் தயக்கம். அவர் வயதில் கழுத்தில் தண்டுவடம் போகும் பாதை குறுகியிருக்கலாம். அப்படி இருந்தால், கரையோரம் உடையும் அலை தலையைப் பின்னுக்கு மடக்கினாலே எலும்பு முறியாமல் தண்டுவடம் நசுங்கி, கைகள் பலமிழக்கும். ஏற்கெனவே கழுத்துவலி, கை மரத்தல் இருந்தால் எலும்பு மருத்துவரிடம் காட்டிவிட்டு இறங்கட்டும்.