கிரெடிட் கார்டில் ஒரு சேவை நிறுவனம் காரணம் சொல்லாமல் பணம் எடுத்துவிட்டது. கேட்டால் பதில் இல்லை. என்ன செய்வது?

முதலில், வங்கிக்குப் போன் போட்டு ‘மோசடி’ என்று சொல்லிவிடாதீர்கள். நீங்களே கார்டு விவரம் கொடுத்து வைத்திருக்கும் நிறுவனம் எடுத்த பணம் என்றால் அது மோசடிக் கணக்கில் வராது. வங்கி கார்டை முடக்கும். அப்புறம் ‘வாடிக்கையாளர்தான் விவரம் கொடுத்தார்’ என்று நிறுவனம் காட்டியதும் புகாரை மூடிவிட வாய்ப்பு அதிகம். ‘இந்தத் தொகைக்கு நான் சம்மதிக்கவில்லை, டிஸ்பியூட் பதிவு செய்யுங்கள்’ என்று சொல்லுங்கள். முன்பின் தெரியாத பெயரில் பணம் போயிருந்தால் மட்டும் கதை வேறு: உடனே கார்டை முடக்கி, மூன்று வேலை நாளுக்குள் வங்கிக்குத் தெரிவித்து, சைபர் குற்ற உதவி எண் 1930-க்கும் அழைக்க வேண்டும்.

எங்கள் சித்தப்பாவுக்கு இதேதான் நடந்தது. பாளையங்கோட்டையில் வீடு மாறும்போது பிராட்பேண்ட் இணைப்பு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து, மோடத்தை வண்ணார்பேட்டை அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டு வந்தார். கொஞ்ச நாள் கழித்து கார்டில் 2,360 ரூபாய் போயிருந்தது. கஸ்டமர் கேரில் யார் எடுத்தாலும் ‘சிஸ்டத்துல அப்படித்தான் காட்டுது சார்’. “ஏல, நான் யாருக்குல பாக்கி வச்சேன்?” என்று அவர் கேட்டபோது எனக்கு மனசு ஆறவில்லை. வாழ்நாள் முழுக்கக் கெடு தேதிக்கு முன்னாலேயே பில் கட்டின மனிதர்.

அந்தத் தொகையே எங்களுக்கு வழி காட்டியது. 2,000 ரூபாய்க்கு 18 சதவீத ஜிஎஸ்டி 360. கூட்டினால் 2,360. மாத வாடகையில் பெரும்பாலும் இப்படி முழு எண் வராது. ஏதோ ஒரு பொருளுக்கோ அபராதத்துக்கோ போட்ட தொகை. நீங்களும் உங்கள் தொகையை 1.18-ஆல் வகுத்துப் பாருங்கள், வரி சேர்க்காத தொகை தெரியும். மோடம் திரும்பி வந்ததை அவர்கள் கணக்கில் ஏற்றவில்லை என்று ஊகித்தோம். சித்தப்பா ரசீதை எடுத்து வைத்திருந்தார்: உள்ளங்கை அளவுத் துண்டுச் சீட்டு, பாதி விழுந்த முத்திரை, நீல மையில் மோடத்தின் சீரியல் நம்பர். அந்த நம்பர்தான் காப்பாற்றியது.

வங்கிக் கிளையில் ‘அண்ணாச்சி, கார்டு விஷயம் நாங்க பார்க்கறதில்ல’ என்றார்கள். அங்கே நின்று சண்டை போட்டுப் பயனில்லை. கார்டு பிரிவுக்கு ஈமெயில் அனுப்பி, புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள். நாங்கள் சுருக்கமாகத்தான் எழுதினோம்: இணைப்பைத் துண்டித்த தேதி, ரசீதின் படம், இந்தத் தொகை எதற்கு என்ற விளக்கமும் ஆதாரமும் வேண்டும் என்ற கோரிக்கை. ரிசர்வ் வங்கியின் கார்டு விதிகளின்படி, பில்லில் மறுப்பு சொன்னால் 30 நாளுக்குள் வங்கி விளக்கம் தர வேண்டும், தேவையான இடத்தில் ஆவணமும் காட்ட வேண்டும். அந்த விதியையும் கடிதத்தில் குறிப்பிட்டோம். வங்கி சார்ஜ்பேக் போட்டால், அதாவது நிறுவனத்திடம் பணத்தைத் திருப்பிக் கேட்டால், தொகை சரிதான் என்று நிரூபிக்க வேண்டிய வேலை நிறுவனத்துக்குப் போய்விடும். எங்கள் விஷயத்தில் அவர்களால் எதையும் காட்ட முடியவில்லை, பணம் திரும்பி வந்தது.

விசாரணை முடியும்வரை அந்தத் தொகையை நிறுத்தி வைக்கும்படி வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள். பில்லில் மீதியைக் கெடு தேதிக்குள் கட்டிவிடுங்கள். கோபத்தில் மொத்தத்தையும் நிறுத்தினால் வட்டி ஏறும், கடன் கேட்கும்போது வங்கிகள் பார்க்கும் சிபில் மதிப்பெண்ணும் கெடும்.

ஆட்டோ டெபிட் மூலம், அதாவது நீங்கள் முன்பே கொடுத்த அனுமதியை வைத்துத் தானாகப் போன பணம் என்றால் பழைய எஸ்எம்எஸ்களைத் தேடுங்கள். பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே தகவல் வந்திருக்க வேண்டும் என்பது 2021 அக்டோபரிலிருந்து நடைமுறையில் இருக்கும் விதி. வரவில்லை என்றால் அதையும் புகாரில் சேருங்கள். கையோடு அந்த அனுமதியை ரத்து செய்துவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த மாதமும் எடுப்பார்கள்.

30 நாளில் பதில் இல்லை என்றாலோ, வந்த பதில் சமாளிப்பாக இருந்தாலோ, ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் இணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கட்டணம் கிடையாது, சந்தேகம் இருந்தால் 14448-க்கு அழைத்துக் கேளுங்கள். சேவை நிறுவனத்தின் மேல் புகார் சொல்ல தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியவில்லை என்றால் நெல்லையிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நிறுவனத்தின் தலைமையகம் எங்கே இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், வக்கீல் கட்டாயமில்லை.