ஹாத்தி என்பதைக் கல்லீரல் என்று மொழிபெயர்க்கலாமா?

இந்தோனேசியச் சிறுகதை ஒன்றில் வரும் 'ஹாத்தி' என்ற சொல்லுக்கு அகராதி கல்லீரல் என்றும், கதையின் ஆங்கில மொழிபெயர்ப்பு இதயம் என்றும் பொருள் தருவதால் எதைக் கொள்வது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் பிழையில்லை. உறுப்பாகிய இதயத்துக்கு அம்மொழியில் 'ஜாந்துங்' என்ற தனிச்சொல் உண்டு. உணர்வின் இருப்பிடமாகப் பேசப்படுவது பெரும்பாலும் கல்லீரலே. மனம் புண்பட்டால் 'சாக்கிட் ஹாத்தி', பணிவு 'ரெண்டா ஹாத்தி', அதாவது தாழ்ந்த ஹாத்தி, 'கவனம்' என்று எச்சரிப்பதற்கு 'ஹாத்தி-ஹாத்தி'. ஆங்கிலம் அறிவைத் தலைக்கும் அன்பை இதயத்துக்கும் பிரித்துக் கொடுக்க முனையும் இடத்தில், இங்கே விழிப்பும் பரிவும் ஒரே சொல்லுக்குள் குடியிருக்கின்றன. ஆகவே தமிழில் 'மனம்' அல்லது 'உள்ளம்' என்பதே பெரும்பாலும் பொருந்தும்.

ஆனால் இந்த ஒரு சொல்லை வைத்து இந்தோனேசியரின் விழுமியங்களை உங்கள் மொழிபெயர்ப்பின் முன்னுரையில் விளக்குவதற்கு நான் தயங்குவேன். அது தேய்ந்துபோன உருவகம், பேசுபவர் ஈரலை நினைத்துப் பேசுவதில்லை. (நாம் 'தலைவர்' என்னும்போது தலையையா நினைக்கிறோம்?) முற்ற முற்றத் தலை சாயும் நெற்கதிரைப் போல் இரு என்னும் அவர்களது பழமொழி இதைவிட வலுவான சான்று, ஏனெனில் அங்கே நெல் வயலும் அடக்கத்தின் மதிப்பும் வெளிப்படையாகவே இணைகின்றன. அதுபோலவே, நேரத்தைப் பணம்போல் செலவிடவும் சேமிக்கவும் செய்யும் ஆங்கிலத்துக்கு எதிரே, தாமதத்தைக் கேலியாகச் சுட்டும் 'ஜாம் காரெட்', அதாவது ரப்பர் கடிகாரம், என்ற தொடரையும் வைத்துப் பாருங்கள்.

கதையில் 'புவா ஹாத்தி' வந்தால், ஹாத்தியின் கனி என்று எழுதாமல், குழந்தையைக் குறிக்கும் இடத்தில் 'கண்மணி' என்றே எழுதிவிடுங்கள்.